85 டிகிரி காட்டுதா? அன்னா மணியைத் தெரிஞ்சுக்கோங்க

ஐ.ஓ.டி. புராஜெக்ட் எடுக்கிற எல்லாரும் ஏதாவது ஒரு நாள் பார்க்கிற கூத்து இது. ஒரே கேபிளில் எட்டு வெப்பநிலை சென்சார். ஏழு சென்சார் 24, 25 என்று ஒழுங்காகக் காட்டும். எட்டாவது மட்டும் திடீர்னு 85 டிகிரி காட்டும். அடுத்த நிமிஷம் மைனஸ் 127. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் 25. உடனே டீமில் ஒருத்தர் சென்சார் டூப்ளிகேட் மச்சி, வேற வாங்கிடலாம்னு தீர்ப்பு சொல்லிடுவார். இன்னொருத்தர் அந்த ரெண்டு எண்ணையும் கோடில் வடிகட்டிட்டு ரிவ்யூவுக்குக் கிளம்பிடுவார்.

தப்பான அளவீட்டை இப்படி மூடி மறைக்காம, அது எங்கே பிறந்ததுன்னு தேடிப் போறதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் அன்னா மணி. இந்திய வானிலைத் துறையின் கருவிகளை நம்பத்தக்கதாக மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம ஓசூருக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில்தான் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஓய்வுக்குப் பிறகு வந்து வேலை செய்ததும் அங்கேதான்.

கம்மல் வேண்டாம், கலைக்களஞ்சியம் போதும்

1918 ஆகஸ்ட் 23 அன்று, அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர், ஏலக்காய்த் தோட்டமும் வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் அன்னா ஏழாவது. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரக் கம்மல் கொடுத்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வாங்கித் தாங்கன்னு கேட்டு வாங்கிய பொண்ணு அவர். வைக்கம் சத்தியாகிரகக் காலத்தில் காந்தி அங்கே வந்துபோனதன் தாக்கத்தில் கதர் உடுத்த ஆரம்பித்தார்.

சென்னை பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்து 1939-ல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷம் உதவித்தொகையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

சின்ன வயசில் வேண்டாம்னு சொன்ன வைரம் இங்கே மறுபடியும் கைக்கு வந்தது, இந்த முறை ஆராய்ச்சிப் பொருளாக. வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலையைப் பதிவு செய்வது அவர் வேலை. ஒளி மிகவும் மங்கலாக இருக்கும் என்பதால் ஒரு போட்டோ பிளேட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். நடுவில் ஏதாவது அசைந்தால் மொத்தமும் வீண், மறுபடி முதலிலிருந்து. பல ராத்திரிகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. அந்தக் காலத்து ஆய்வகத்தில் ஒரு பெண்ணின் கையில் கருவி சின்னதாகத் தடுமாறினாலும், அதைக் கருவியின் குறையாகப் பார்க்க மாட்டார்கள். பெண்ணுக்கு இதெல்லாம் வராது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நடுவில்தான் 1942-க்கும் 1945-க்கும் இடையே, தன் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்.

1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பட்டம் கிடைக்கவில்லை. எம்.எஸ்சி. இல்லை என்பதுதான் காரணம். ஆய்வில் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவரோ அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கிடைத்த படிப்பு, பிடித்துப்போன வேலை

அதே வருஷம் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். இயற்பியல் ஆராய்ச்சி செய்யத்தான் போனார். ஆனால் கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. மூணு வருஷம் அதை ஆழமாகக் கற்றுக்கொண்டு 1948-ல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார்.

அப்போது நிலைமை எப்படின்னா, சாதாரண வெப்பமானி, காற்றழுத்தமானி கூட வெளிநாட்டிலிருந்துதான் வரணும். எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் தலைமையில் இங்கேயே கருவிகள் செய்யும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பிரிவின் பொறுப்பு 1953-ல் அன்னா மணியிடம் வந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் 121 ஆண்கள்.

அவர் செய்த முதல் பெரிய காரியம், சுமார் 100 வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி உற்பத்திக்குக் கொடுத்தது. கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. சென்னையில் ஒரு வெப்பமானி 31 காட்டுது, நாக்பூரில் இன்னொண்ணு 33 காட்டுது. அந்த ரெண்டு டிகிரி வித்தியாசம் ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசமா, கருவிக்குக் கருவி இருக்கும் வித்தியாசமா? கருவிகள் ஒரே மாதிரி செய்யப்பட்டு, எல்லாமே ஒரே நியமக் கருவியோடு ஒப்பிடப்பட்டால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். இல்லேன்னா ஆயிரம் நிலையம் வைத்தாலும் அது நெட்வொர்க் ஆகாது.

தப்பாக அளப்பதை விட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அளவே இல்லேன்னா நமக்குத் தெரியாதுங்கிறது நமக்குத் தெரியும். தப்பான அளவு இருந்தா, தெரியும்னு நினைச்சு முடிவெடுத்துடுவோம்.

அவர் வழியில் நம்ம சென்சாரைப் பார்ப்போம்

இந்தக் கொள்கையை நம்ம மேசைக்குக் கொண்டுவருவோம். நாம அதிகமாகப் பயன்படுத்தும் டி.எஸ்.18பி20 சென்சாரில் 85 என்பது வெறும் குப்பை எண் கிடையாது. கரண்ட் வந்ததும் அந்த சிப்பின் நினைவகத்தில் தானாக உட்காரும் மதிப்பு அது. 12 பிட் அளவீட்டை முடிக்க அதற்கு 750 மில்லி செகண்ட் வரை ஆகும். அதற்குள் படித்தாலோ, நடுவில் மின்னழுத்தம் இறங்கி சிப் ரீசெட் ஆனாலோ 85 வரும். மைனஸ் 127 வெப்பநிலையே அல்ல. சென்சாரின் எல்லையே மைனஸ் 55 முதல் 125 வரைதான். பதில் வரலைன்னு நம்ம லைப்ரரி சொல்லும் அடையாளம் அது. ஆக 85 வந்தால் கோடில் காத்திருக்கும் நேரத்தையும் சப்ளையையும் பாருங்க. மைனஸ் 127 வந்தால் ஒயரையும் சால்டரிங்கையும் பாருங்க.

அடுத்து, சென்சாரை இடம் மாற்றிப் பாருங்க. தகராறு செய்வதை நல்ல சென்சார் இருந்த இடத்தில் மாட்டுங்க. தப்பு சென்சாரோடு கூடவே வந்தால் சென்சார் கெட்டது. தப்பு பழைய இடத்திலேயே நின்றால் ஒயரிங் கெட்டது. அஞ்சு நிமிஷ வேலை, புது சென்சார் காசு மிச்சம்.

டேட்டா லைனுக்கும் சப்ளைக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் இருக்கணும். கேபிள் நீளமானால், சென்சார் எண்ணிக்கை கூடினால், லைனின் கெபாசிட்டன்ஸ் ஏறி சிக்னல் மேலே எழ நேரம் எடுக்கும், அப்போ 2.2 கிலோ ஓம் வரை குறைத்துப் பார்க்கலாம். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் ஒயர் இழுக்காம, ஒரே நேர் கேபிளில் வரிசையாகக் கோர்த்து வாங்க. ரெண்டு ஒயரில் சமாளிக்காம மூணு ஒயர் கொடுங்க. மோட்டார், டிரைவ் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீங்க. சி.ஆர்.சி. தப்பான அளவைத் தூக்கிப் போடுங்க, ஆனா எந்த சென்சாரில், எத்தனை மணிக்கு, எத்தனை தடவைன்னு எழுதி வைங்க. பக்கத்து மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் எண்ணிக்கை ஏறினால் திருடன் யாருன்னு தெரிஞ்சிடும்.

கடைசியாக, எல்லா சென்சாரையும் ஒண்ணாகக் கட்டி, நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும் கலந்த பாத்திரத்தில் இறக்குங்க. பூஜ்யத்திலிருந்து அரை டிகிரிக்குள் எல்லாம் நிற்கணும். இதுதான் நம்ம கையில் இருக்கும் நியமம்.

சூரியன், ஓசோன், காற்று

1957-58 சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க அமைத்தார் அன்னா மணி. கதிர்வீச்சை அளப்பதும் அடிப்படையில் வெப்பநிலை வேலைதான். வெயில் படும் கருப்புப் பரப்புக்கும் குளிர்ந்த பகுதிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை, தெர்மோபைல் சின்ன மின்னழுத்தமாக மாற்றிக் கொடுக்கும். சில மில்லிவோல்ட் சமாசாரம். கண்ணாடி மூடியில் தூசி படிந்தாலே கணக்கு மாறிவிடும். அதனால் கருவியை வைப்பதோடு வேலை முடியாது. துடைக்கணும், ஒப்பிடணும், மறுபடி ஒப்பிடணும்.

1963-ல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதன் பேரில் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலைக் கருவிகளுக்கான ஏற்பாட்டைச் செய்தார். பலூனில் மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் ஓசோன்சோண்ட் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கியதும் அவர் குழுதான். துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைத் தொகுத்து 1980-களின் தொடக்கத்தில் புத்தகங்களாக வெளியிட்டார். பிறகு நாட்டில் எங்கெங்கே காற்று எவ்வளவு வீசுகிறது என்று அளக்கும் பெரிய கணக்கெடுப்பை நடத்தினார். காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்கூடத்தையும் பெங்களூரில் நடத்தினார். காற்றாலை விஷயத்தில் ஒரு சின்ன அளவுப் பிழை கூட சின்னதாக நிற்காது. காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. வேகத்தை 10 சதவீதம் கூட்டி அளந்தால் ஆற்றல் 33 சதவீதம் கூடின மாதிரி தெரியும். அந்தக் கணக்கை நம்பி இடம் வாங்கி ஆலை நட்டவர் கதி?

1994-ல் பக்கவாதம் வந்து நடமாட்டம் குறைந்தது. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த முனைவர் பட்டமும் கடைசி வரை அவர் பெயருக்கு முன்னால் வரவில்லை. ஆய்வேடு மட்டும் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது.

நமக்கு என்ன?

நாம செய்யும் சென்சார் புராஜெக்ட் எங்கே போய் நிற்கும்னு யோசிங்க. ஓசூர் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடிலில், ஏற்றுமதிப் பூ இருக்கும் குளிர் அறையில், நாட்றாம்பாளையம் மாதிரி மலையூர்களுக்குப் போகும் தடுப்பூசிப் பெட்டியில். பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். பெட்டி 12 டிகிரிக்கு ஏறியிருக்கும்போது, பழைய 5 டிகிரியையே திரும்பத் திரும்பக் காட்டும் சென்சார் யாரையும் எச்சரிக்காது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தையின் அம்மாவுக்கும் தெரியாது. 85 காட்டும் சென்சாராவது தன் கோளாறை வெளியே சொல்லுது. அதையும் வடிகட்டி மறைத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது அழகான கிராஃப் மட்டும்தான்.

அதனால அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு பாத்திரம் ஐஸ் எடுங்க. சென்சார்களை இறக்குங்க. ஒவ்வொண்ணும் காட்டும் எண்ணை நோட்டில் தேதியோடு எழுதுங்க. அதுக்கப்புறம் கிராஃப் போடலாம்.