கோட்டிற்கு முகவரி தந்தவர்

படிவம் மூன்றில் ‘கெச்செருனான்’, ‘பிந்தாசான்’ என்ற இரு சொற்கள் என்னை மிரட்டின. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கணக்குப் போட்டுப் பழகியவன் நான். தேசிய இடைநிலைப்பள்ளியில் வெண்பலகையில் வரைந்த நேர்க்கோடு புரிந்தது. அதைச் சுற்றியிருந்த சொற்கள்தாம் புரியவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேறினேன். பல்கலைக்கழகம் வந்த பிறகே அந்தக் கோட்டிற்குப் பின்னால் இருந்த மனிதரைத் தேடிப் படித்தேன். அவர் ரெனே டேக்கார்ட்.

1596 மார்ச் 31-ஆம் நாள் பிரான்சில் லா ஹே எனும் சிற்றூரில் பிறந்தார். ஒரு வயது கடந்த சில வாரங்களிலேயே தாயை இழந்தார். உடல் நலிவால், லா ஃப்ளெஷ் கல்லூரியில் காலையில் தாமதமாக எழ அவருக்கு அனுமதி கிடைத்தது. படுக்கையில் கிடந்தபடியே சிந்திப்பது வாழ்நாள் பழக்கமானது. 1616-இல் சட்டப் பட்டம் பெற்றும் வழக்காடப் போகவில்லை. 1618-இல் நெதர்லாந்து சென்று படையில் சேர்ந்தார். அங்கு பிரெடா நகரில் சந்தித்த ஐசக் பீக்மன் அவரது கணித ஆர்வத்தைத் தூண்டிவிட்டார்.

1637-இல் லைடன் நகரில் அவரது நூல் வெளிவந்தது. ‘வடிவியல்’ அதன் ஒரு பகுதி. அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய காலத்தில், பலரும் படிக்கட்டும் என்று அவர் தம் தாய்மொழியான பிரெஞ்சில் எழுதினார். ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு நீளங்களால் குறித்து, கோட்டைச் சமன்பாடாக மாற்றிக் காட்டினார். தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், வை என்ற எழுத்துகளை வழங்கியவரும் அவரே.

பெருமை அவருக்கு மட்டும் உரியதன்று. அதே காலத்தில் பியர் டி ஃபெர்மா, முதல்படிச் சமன்பாடு நேர்க்கோட்டையே தரும் என்று தனியே காட்டியிருந்தார். அவரது ஏடு அச்சேறியதோ அவர் மறைந்த பின், 1679-இல்.

வை = 2எக்ஸ் + 3 என்பதை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் சுழியமானால் வை 3, அதுவே வை-வெட்டுத்துண்டு. ஓர் அலகு வலப்புறம் நகர்ந்தால் கோடு இரண்டு அலகு உயரும். ஆகவே சாய்வு 2. வை சுழியமானால் எக்ஸ் −1.5, அது எக்ஸ்-வெட்டுத்துண்டு. இத்தகைய எதிர்ம விடைகளை டேக்கார்ட் பொய் மூலங்கள் என்றே அழைத்தார். இன்று நாம் வரையும் செங்குத்தான இரண்டு அச்சுகளும் அவர் நூலில் இல்லை, பின்வந்தோர் சேர்த்தவை.

1640-இல் ஐந்து வயது மகள் பிரான்சீனைப் பறிகொடுத்தார். 1649-இல் சுவீடன் அரசி கிறிஸ்டினாவின் அழைப்பை ஏற்று ஸ்டாக்ஹோம் சென்றார். தாமதமாக எழுந்தே பழகியவர், கடுங்குளிரில் காலை 5 மணிக்குப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. நுரையீரல் அழற்சி கண்டு, 1650 பிப்ரவரி 11-ஆம் நாள் தம் 53-ஆம் வயதில் மறைந்தார்.

வார இறுதியில் நான் பாடம் சொல்லித்தரும் தங்கை ஒருத்தி அண்மையில் இதே கணக்கில் விழித்தாள். கெச்செருனான் என்றால் சாய்வு, பிந்தாசான் என்றால் கோடு அச்சை வெட்டும் இடம் என்றேன். அவ்வளவுதானா அண்ணா என்று கேட்டுவிட்டு, தானே போட்டு முடித்தாள். தேர்வைத் தேசிய மொழியில்தான் எழுதுவாள், நன்றாகவே எழுதட்டும். ஆனால், புரிந்துகொள்ளும் அந்த முதல் நொடிக்குத் தாய்மொழி துணை நிற்கும். அந்தத் துணை எனக்கு ஏழாண்டுகள் தாமதமாகக் கிடைத்தது. நம் தம்பி தங்கைகளுக்கு அது தாமதமாகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் உள்ளது, நண்பர்களே!