அட்மிரல் ஒஸ்ரினின் திருமண நிச்சயம்

திருகோணமலை எஸ்பிளனேட்டில் உள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தை நம்மிற் பலர் எத்தனையோ முறை கடந்து நடந்திருப்போம். வகுப்பில் நாம் படித்த நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஜோன் ஒஸ்ரின், அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய போர்களைக் கடற்படை வரலாறுகள் சொல்லும். அவர் கைப்பிடித்த பெண்ணைப் பற்றி இம்மலரில் எழுதுவதே பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

சார்ள்ஸ் 1779 ஜூன் 23இல், ஹம்ப்ஷயரின் ஸ்டீவன்ரன் கிராமத்தில், ஒரு பாதிரியாரின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். 12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். எதிரிக் கப்பலைப் பிடித்தால் கடற்படையினருக்குப் பங்குப்பணம் கிடைக்கும் காலம் அது. 1801இல் அப்படி வந்த பணத்தில் அவர் அக்காமார் இருவருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார். தனக்கென்று சேர்த்து வைக்கும் குணம் அவருக்கு இல்லை.

1804 கடைசியில் 'இந்தியன்' என்னும் சிறு போர்க்கப்பல் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அக்கப்பல் அட்லாண்டிக்கின் நடுவே பேர்மியூடா தீவில் அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கே, சென்ட் ஜோர்ஜஸ் பட்டினத்தில், ஃபனி பாமரைக் கண்டார். தீவின் முன்னாள் சட்டமா அதிபர் ஜோன் குரோவ் பாமரின் கடைசி மகள் அவள். அவளுக்கு வயது 15, அவருக்கு 25.

இன்றைய தாய்மார் இதைக் கேட்டால் முகம் சுளிப்பர். அன்றைய தாய்மார் வயதைவிட வரும்படியைத்தான் பார்த்திருப்பர். அந்தக் கணக்கில் மாப்பிள்ளையிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. 1805 ஜனவரியில் தகப்பனார் காலமானார். தாயும் அக்காமாரும் ஆண்பிள்ளைகள் கொடுத்த உதவியில் வாழவேண்டியதாயிற்று. பிரான்சுடன் யுத்தம் வேறு. கப்பற்காரனுக்கு வாக்குக் கொடுத்தவள் எந்த மாதமும் விதவையாகலாம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூடப் பெண்ணைப் பார்த்ததில்லை. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்காகும். ஜேன் 1802 டிசம்பரில் வசதியான ஒருவருக்குச் சம்மதம் சொல்லி, விடிந்ததும் அதை மீளப் பெற்றவர். தம்பியின் நிச்சயமோ கலையவில்லை. கப்பல் ரோந்து போவதும் துறைமுகம் திரும்புவதுமாகக் காலம் கழிந்தது. 1807 மே 19இல் சென்ட் பீற்றர்ஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு 17 வயது.

1811இல் இரண்டு பெண்குழந்தைகளுடன் அவர்கள் இங்கிலாந்து வந்தபோதுதான் ஜேன் முதன்முதலாக மச்சாளைக் கண்டார். பின்னர் தேம்ஸ் முகத்துவாரத்தில் நின்ற 'நமூர்' கப்பலே ஃபனியின் வீடாயிற்று. வாடகைக்கு வீடெடுக்கப் பணம் போதவில்லை. கணவனைப் பிரிந்திருக்கவும் அவளுக்கு மனமில்லை. மூத்தவள் கசன்ட்ராவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. அவளைக் கரையில் உறவினரிடம் விடுவதா என்று பெற்றோர் தவித்தார்கள். 1814 செப்டெம்பர் 6இல், நான்காவது பிள்ளைப்பேற்றின் பின், அந்தக் கப்பலிலேயே ஃபனி இறந்தாள். வயது 24. சிசுவும் சில நாட்களிற் போய்விட்டது.

'பேர்சுவேஷன்' நாவலில் கணவனுடன் கப்பல் கப்பலாகச் சென்று, கீழைக் கடல்வரை வந்துபோன குரோஃப்ற் அம்மையாரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஃபனியின் நினைவே வரும். அந்நாவலில் பணமில்லை என்பதற்காகக் கடற்படை இளைஞனைத் தட்டிக்கழித்த ஆன், எட்டு வருடம் வருந்துகிறாள். ஃபனி தட்டிக்கழிக்கவில்லை.

தாயில்லாத மூன்று பெண்களையும் ஃபனியின் சகோதரி ஹரியற் வளர்த்தாள். 1820இல் சார்ள்ஸ் அவளையே மணந்தார். இறந்த மனைவியின் சகோதரியைக் கட்டுவது நம்மவர்க்கு ஊரறிந்த வழக்கம். இங்கிலாந்திலோ அத்தகைய மணத்தைத் திருச்சபை நீதிமன்றம் ஒரு வழக்கில் செல்லாததாக்கிவிடலாம்; பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவராகிவிடுவர். 15 வருடம் அந்தப் பயத்தோடு குடும்பம் நடத்தினார்கள். 1835இல் வந்த சட்டம் அதற்கு முன் நடந்த அத்தகைய மணங்களைக் காத்தது, பின்னர் நடப்பவற்றைச் செல்லாது என்றது. தப்பினார்கள்.

ஒஸ்ரின் குடும்பத்துக்குத் தமிழ்க்கரை புதிதுமல்ல. சார்ள்ஸின் அத்தை பிலடெல்பியா மாப்பிள்ளை தேடிக் கப்பலேறி, 1753இல் கடலூரில் ஒரு வைத்தியரை மணந்தவர். மருமகன் வந்ததோ 1850இல், கிழக்கிந்திய, சீனக் கடற்படைத் தலைவராக. அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டாம் பர்மிய யுத்தத்தில் ஐராவதி ஆற்றில் 'புளூட்டோ' கப்பலில் வாந்திபேதி கண்டு 1852 ஒக்டோபர் 7இல் இறந்தார். திருகோணமலையில் அவரை அடக்கம் செய்தார்கள்.