ஓடாத மெஷினுக்கு ஒரு மேனுவல்

போன செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் ஒரு சின்ன டூல் எழுதியிருந்தோம். சென்சார் ரீடிங்கை எல்லாம் வரிசையா சேர்த்து வைக்கும், ஒரு கமாண்ட் கொடுத்தா எடுத்துக் காட்டும். டெஸ்ட் எழுதச் சொல்லி ஒரு ஏஐ கோடிங் ஏஜென்ட் கையில கொடுத்தோம். அது அந்த கமாண்டை நாலு தடவை ஓட்டிப் பார்த்தது. எங்க டூல்ல ஒரு தடவை படிச்சா வரிசை காலியாயிடும். அது எங்களுக்குத் தெரியும், ரீட்மீ ஃபைலுக்குத் தெரியாது. மூணு நாள் டேட்டா போச்சு. ஏஜென்ட்டைத் திட்டி என்ன பிரயோஜனம்? எழுதி வைக்காததை அது எங்கே போய்ப் படிக்கும்?

அந்தக் கடுப்புல உட்கார்ந்து தேடினப்போதான் ஏடா லவ்லேஸ் திரும்பக் கண்ணில் பட்டார். முதல் ப்ரோகிராமர்னு ஃபர்ஸ்ட் இயர்லயே மனப்பாடம் பண்ணின பேர்தான். அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்துமான்னு இன்னும் சண்டை போடுறாங்க. என் கணக்குல அவர் ஒரு அசல் டாக்குமென்டேஷன் ரைட்டர்.

1815 டிசம்பர் 10, லண்டன். அப்பா கவிஞர் பைரன். குழந்தை பிறந்து ஒரு மாசத்துலயே பெற்றோர் பிரிஞ்சுட்டாங்க. ஏடாவுக்கு எட்டு வயசு இருக்கும்போது அப்பா கிரீஸில் இறந்துட்டார். பொண்ணும் கவிதைப் பக்கம் போயிடக் கூடாதுன்னு அம்மா கணக்குப் பாடமா வச்சுத் தள்ளினாங்க. பதின்ம வயசில் அம்மை வந்து, நடக்க முடியாம ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தார். 1833-ல், பதினேழு வயசில், சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். அவர் வீட்டில் இருந்த டிஃபரன்ஸ் எஞ்சினின் ஒரு பகுதியைப் பார்த்ததும் பிடிச்சுக்கிட்டது. கல்யாணம், மூணு குழந்தைகள், அதுக்கப்புறம் 1840-ல் தபால் வழியா கணிதப் படிப்பு. சொல்லிக்கொடுத்தவர் அகஸ்டஸ் டி மார்கன். ஆமா மக்களே, டிஜிட்டல் லேப்ல வர்ற அதே டி மார்கன்தான். பிறந்தது நம்ம மதுரையில், 1806-ல்.

பாபேஜ் அதுக்குள்ள அனலிட்டிக்கல் எஞ்சின்னு அடுத்த மெஷினுக்குத் தாவியிருந்தார். டிராயிங் குவிஞ்சு கிடந்தது, ஆனா வெளியாள் படிச்சுப் புரிஞ்சுக்க ஒரு முழு விளக்கத்தை அவர் எழுதவே இல்லை. (நம்ம எல்லா டீம்லயும் இப்படி ஒருத்தர் உண்டு.) 1840-ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அவர் பேசினதைக் கேட்டு, மெனாப்ரியாங்கிற இளம் ராணுவ எஞ்சினியர் 1842-ல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை போட்டார். அதை ஏடா ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நீயே குறிப்புகளும் சேர்த்து எழுதேன்னு பாபேஜ் சொல்ல, ஏ முதல் ஜி வரை ஏழு குறிப்புகள் வந்தது. கட்டுரையைவிட ஏறக்குறைய மூணு மடங்கு நீளம். 1843-ல் அச்சானப்போ கீழே இருந்தது ஏ.ஏ.எல் என்கிற மூணு எழுத்து மட்டும்.

இந்தக் குறிப்புகள்ல எனக்குப் பிடிச்ச இடம் ஒரு கார்டு சமாச்சாரம். மெஷினின் ஸ்டோரில் இருக்கிற எண்ணை கணக்குப் போட எடுத்தா, அந்த இடம் பூஜ்ஜியமாகவும் ஆகலாம், எண் அப்படியே இருக்கவும் இருக்கலாம். ரெண்டுக்கும் தனித்தனி வகை கார்டு. எதைப் போட்டா என்ன ஆகும்னு ஏடா தெளிவா பிரிச்சு எழுதியிருக்கார். எங்க டேட்டாவைக் காலி பண்ணினது இந்த ஒரு விஷயம்தான்!

பெர்னூலி எண்களைக் கணக்கிடும் அட்டவணை கடைசிக் குறிப்பில் வருது. 25 படிகள். ஒவ்வொரு படிக்கும் என்ன செயல், எந்த மாறிகளை எடுக்குது, விடை எதில் போய் உட்காருது, அதனால் எந்த மாறியின் மதிப்பு மாறுது, எது மாறாம இருக்குன்னு தனித்தனி காலம். இன்னிக்கு ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதறவங்க இன்புட், அவுட்புட், பக்கவிளைவுன்னு பிரிக்கிறது கிட்டத்தட்ட இதேதான். மெஷினால் எது முடியாதுன்னும் விடாம எழுதினார்: அது தானா எதையும் புதுசா உருவாக்காது, நமக்குச் சொல்லத் தெரிஞ்சதை மட்டும் செய்யும். இதை மறுக்க 1950-ல் ஆலன் டூரிங் தன் கட்டுரையில் ஒரு பகுதியே ஒதுக்கினார்.

தப்பும் இருக்கு. பிரெஞ்சு மூலத்தில் ஒரு எழுத்து மாறி, நேர்வுன்னு பொருள் தர்ற சொல் கோசைன்னு அச்சாகியிருந்தது. ஏடா அதையும் அப்படியே கோசைன்னே மொழிபெயர்த்துட்டார். அட்டவணையின் நாலாவது படியில் வகுத்தல் தலைகீழா இருக்கு, அப்படியே கோடாக்கினா விடை தப்பா வரும். அது யார் கைத்தவறுன்னு இப்போ யார் சொல்ல முடியும்? ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லை. அது கட்டப்படவே இல்லை.

அச்சுக்குப் போற நேரத்தில் பாபேஜ் ஒரு வம்பு பண்ணினார். அரசாங்கத்தைத் தாக்கி, கையெழுத்தில்லாம ஒரு முன்னுரை இதோட சேரணும்னார். ஏடா முடியாதுன்னுட்டார். அப்போ கட்டுரையையே திரும்ப வாங்கிடுன்னார் அவர். அதுக்கும் மாட்டேன்னு நின்னார். அப்படி நிக்கலைன்னா இன்னிக்கு நமக்குப் படிக்க ஒண்ணும் இருந்திருக்காது. அப்புறம் ரெண்டு பேரும் ராசியாகிட்டாங்க.

பின்னாடி வருஷங்கள் நல்லா இல்லை. குதிரைப் பந்தயத்தில் கடன், கூடவே புற்றுநோய். 1852 நவம்பர் 27-ல் இறந்தார், வயசு 36. முகம்கூட நினைவில்லாத அப்பாவின் பக்கத்திலேயே புதைக்கச் சொல்லியிருந்தார், அப்படியே செஞ்சாங்க. 1980-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஏடாங்கிற பேரில் ஒரு மொழிக்கு ஸ்டாண்டர்ட் கொண்டுவந்தது. அதன் எண் 1815.