குங்ஃபூ போதிதர்மர் கற்றுக்கொடுத்ததா? ஷாவ்லின் முதல் தர்மபுரி நடுகல் வரை... உண்மை என்ன?

2011-ல் ‘7ஆம் அறிவு’ வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு போதிதர்மரைத் தெரியும். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், சீனாவுக்குப் போய் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்பதுதான் நாம கேட்ட கதை. இதில் எவ்வளவு உண்மை?

அவர் சீனாவில் இருந்ததற்குப் பழைய ஆவணம் இருக்கு. லோயாங் நகரக் கோயில்கள் பற்றி கி.பி. 547 வாக்கில் எழுதப்பட்ட நூல், அவரைப் பாரசீகத் துறவினு சொல்லுது. சீடராகக் கருதப்படும் தான்லின் எழுதிய குறிப்புதான், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலுமே காஞ்சி என்ற பெயர் இல்லை. அது பிற்காலத்தில் சேர்ந்தது.

அங்கே அவர் சொல்லிக்கொடுத்தது தியானம். 9 ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார் என்பது பின்னால் வளர்ந்த கதை. ஜப்பானில் ஜென் என்று பெயர் பெற்ற மரபு, அவரைத்தான் சீனாவின் முதல் குருவாகக் கும்பிடுது.

அப்போ குங்ஃபூ?

621-ல் நடந்த போரில் ஷாவ்லின் துறவிகள் தாங் இளவரசர் லீ ஷிமினுக்கு உதவினார்கள். இதைச் சொல்லும் 728-ம் ஆண்டுக் கல்வெட்டில், போதிதர்மர் போர்க்கலை கற்றுக்கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. மிங் காலத்தில் ஷாவ்லின் பேர் வாங்கியதும் கைச்சண்டையில் இல்லீங்க, கம்புச் சண்டையில். நம்ம சிலம்பம் மாதிரி நீளக் கம்பு. அந்தக் கலையைத் தந்தவராக அங்குள்ள துறவிகள் நம்பியது, கின்னரர் என்ற காவல் தெய்வத்தை!

பயிற்சி முறையும் கடுமையானது. குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி, அசையாமல் நிற்கணும். அதுதான் அடிப்படை. குத்து, உதை எல்லாத்துக்கும் பலம் அந்தக் காலில் இருந்துதான் வரணும்.

போதிதர்மர் பெயர் இதில் ஒட்டிக்கொண்டது, 1624-ல் வந்த ‘யிஜின்ஜிங்’ என்ற நூலால். அதாவது, அவர் காலத்துக்கு 1,000 ஆண்டுகள் கழித்து! அதிலும் இருப்பது மூச்சைக் கட்டி உடம்பை உறுதியாக்கும் பயிற்சிகள்தான், சண்டை இல்லை.

தர்மபுரியில் இருக்கும் சாட்சி

அப்போ பல்லவர் காலத் தமிழர்களுக்குச் சண்டை தெரியாதா? தெரியும். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் பாருங்க. (ஊர்ப் பெயரிலும் தர்மம் இருக்கேனு போதிதர்மரோடு முடிச்சுப் போட்டுடாதீங்க!) இந்த மாவட்டப் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் நிறைய கிடைச்சிருக்கு. மாடு பிடிச்சுப் போனவர்களோடு மோதி விழுந்தவர்கள், வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறாங்க. யார், எந்த அரசர் காலத்தில், எந்தச் சண்டையில் இறந்தார் என்பதைக்கூட வட்டெழுத்தில் பக்கத்திலேயே வெட்டி வெச்சிருக்காங்க.