பாலும் பாதாமும் உண்ட பயில்வான் காமா

இந்தியாவில் எத்தனையோ பயில்வான்கள் தோன்றினார்கள். ஆனால் காமாவைப்போல் உலகப் புகழ் பெற்றவர் மிகச் சிலரே. அவருடைய உயரம் 5 அடி 7 அங்குலம்தான். தம்மைவிட உயரமான, எடை மிகுந்த மல்லர்களை எல்லாம் அவர் மண்ணைக் கவ்வ வைத்தார்.

அந்தப் பலம் அவருக்கு எப்படி வந்தது? ஒரு பாதி கோதாவில் வந்தது. மறு பாதி சமையல் அறையில் வந்தது.

தந்தையை இழந்த சிறுவன்

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது. 1878-ம் ஆண்டு, பஞ்சாபில் ஒரு மல்லர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் பெயர் பெற்ற பயில்வான்.

காமா சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனாரும், பிறகு மாமனும் அவரை வளர்த்தார்கள். குஸ்தியும் சொல்லிக் கொடுத்தார்கள்.

1888-ம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி நடத்தினார். பல ஊர்களிலிருந்தும் பயில்வான்கள் வந்தார்கள். யார் அதிக நேரம் பஸ்கி போடுகிறார்கள் என்பதும் போட்டியில் ஒன்று. 10 வயதுச் சிறுவனான காமாவும் கலந்துகொண்டான்.

ஒவ்வொருவராகச் சோர்ந்து விலகினார்கள். கடைசி வரை நின்ற 15 பேரில் காமாவும் ஒருவன்! வயதில் சின்னவன் என்பதால், மகாராஜா அவனையே வெற்றி பெற்றவன் என்று அறிவித்தார்.

அரண்மனைச் செலவில் உணவு

அதன் பிறகு தத்தியா மகாராஜா காமாவை ஆதரித்தார். பயிற்சிக்கும் உணவுக்கும் சமஸ்தானமே செலவு செய்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரும் பாக்கியம். பயில்வானுக்குச் சோறு போடுவது சாதாரணக் குடும்பத்தால் ஆகிற காரியம் அல்ல.

இளம் வயதில் அவருக்குப் பாலும், பாதாம் பருப்பும், பழச்சாறும் முக்கிய உணவு என்று கூறுவார்கள். வளர்ந்த பிறகு இறைச்சி, நெய், வெண்ணெய் எல்லாம் சேர்ந்தன. நாள்தோறும் 10 லிட்டர் பாலும், 6 நாட்டுக் கோழிகளும் அவருடைய உணவு என்று சொல்லப்படுவது உண்டு.

இதைக் கேட்டு வாய் பிளப்பவர்கள் அடுத்த கணக்கையும் கேட்க வேண்டும். தினமும் 5,000 பஸ்கி, 3,000 தண்டால், அதோடு 40 பேருடன் குஸ்தி. இதுவே அவருடைய பயிற்சி என்கிறார்கள்.

உணவு என்ன செய்தது?

கடுமையாக உழைக்கும்போது தசைகள் தேய்கின்றன. தேய்ந்ததைச் சரி செய்து, மேலும் வலுவாக்குவது புரதம். ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 32 கிராம் புரதம் இருக்கிறது. நெய் சக்தி தருகிறது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். பகல் முழுவதும் உழைத்த உடலுக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் எவ்வளவு சாப்பிட்டாலும் அவ்வளவும் தசையாகிவிடாது. சாதாரண மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்யும் வீரருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை போதும் என்பது இன்றைய விஞ்ஞானிகளின் கருத்து. மிஞ்சியது சக்தியாக எரியும். அல்லது கொழுப்பாகச் சேரும்.

காமா உண்டதை உழைத்தே எரித்தார். உழைக்காதவர் அப்படி உண்டால் தொந்திதான் வளரும்.

லண்டனில் வெற்றி

1910-ம் ஆண்டு காமா தம் தம்பி இமாம் பக்‌ஷுடன் லண்டனுக்குப் போனார். குள்ளமானவர் என்று சொல்லி அவரைப் போட்டியில் சேர்க்கவில்லை. காமா சும்மா இருக்கவில்லை. எந்த எடையுள்ள மல்லர்களாக இருந்தாலும், மூன்று பேரை 30 நிமிடத்தில் வீழ்த்துவேன் என்று சவால் விட்டார்.

முதலில் யாரும் நம்பவில்லை. அமெரிக்க மல்லர் ரோலரை அவர் வீழ்த்திய பிறகே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 10-ந் தேதி, போலந்து மல்லர் ஸிபிஸ்கோவுடன் பெரிய போட்டி நடந்தது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஸிபிஸ்கோ கீழே தள்ளப்பட்டார். பிறகு அவர் எழுந்து மோதவே இல்லை. விரிப்பைப் பற்றிக்கொண்டு தற்காப்பிலேயே கிடந்தார். 2 மணி 35 நிமிடம் போராடியும் முடிவு ஏற்படவில்லை.

செப்டம்பர் 17-ந் தேதி மீண்டும் மோத ஏற்பாடு ஆயிற்று. ஸிபிஸ்கோ வரவில்லை. 'ஜான் புல்' பட்டமும் இடுப்புப் பட்டையும் காமாவுக்குக் கிடைத்தன.

18 ஆண்டுகள் கழித்து, 1928-ம் ஆண்டு பாட்டியாலாவில் இருவரும் மறுபடியும் மோதினார்கள். காமாவுக்கு அப்போது வயது ஏறக்குறைய 50. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸிபிஸ்கோ மல்லாந்து விழுந்தார்! பயிற்சியையும் உணவு ஒழுங்கையும் விடாமல் காத்ததன் பலன் அது.

கடைசி நாட்கள்

1947-ல் நாடு பிரிந்தது. காமா லாகூரில் தங்கினார். மகாராஜாக்களின் ஆதரவு போயிற்று. 10 லிட்டர் பால் குடித்தவர் என்று பேர் பெற்றவர், நோய்க்கு மருந்து வாங்கவும் சிரமப்பட்டார். இந்தியத் தொழில் அதிபர் ஜி. டி. பிர்லா அவருக்குப் பண உதவி செய்தார். பாகிஸ்தான் அரசாங்கமும் உதவியது. 1960-ம் ஆண்டு மே 23-ந் தேதி காமா காலமானார்.

அரண்மனை அன்று உணவு தராமல் இருந்திருந்தால், அந்த 10 வயதுச் சிறுவனை உலகம் அறிந்திருக்காது. அத்தகைய பிள்ளைகள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விலை உயர்ந்த பாதாம்தான் வேண்டும் என்பது இல்லை. 100 கிராம் பாதாமில் சுமார் 21 கிராம் புரதம் உண்டு. அதே எடை நிலக்கடலையில் சுமார் 25 கிராம் உண்டு. பருப்பும், முட்டையும், பாலும், கடலையும் வயிறாரக் கிடைத்து, ஓடி ஆட இடமும் இருந்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் பலசாலி ஆகலாம்.