பட்டியல் மீட்ட இல்லம்

ஒல்லாந்த ஓவியர் றெம்பிராண்டை நினைக்குந்தோறும் என் மனம் அம்ஸ்ரர்டாம் நகரத்து இல்லமொன்றிற் சென்று நிற்கும். 1606இல் லைடன் நகரிற் பிறந்த அவர், புகழோங்கிய காலத்தில், 1639இல், 13,000 கில்டர் விலைபேசி அதனை வாங்கினார். அங்கேயே ஓவியக்கூடம் அமைத்தார். மாணவர்க்குக் கலை பயிற்றினார். 1642இல் மனைவி சாஸ்கியா மறைந்தார். வீட்டுக்கடனோ தீரவில்லை. 1656இல் அவர் வங்குரோத்து நிலை எய்தவே, அதிகாரிகள் அறை அறையாக நுழைந்து, ஓவியம், சிற்பம், சிப்பி, படைக்கலம் யாவற்றையும் பட்டியலிட்டனர். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான அதே 1658இல் அவ்வில்லமும் ஏலம் போயிற்று. 1669இல் ஓவியர் மறைந்தார்.

1911இல் அவ்வில்லம் நூதனசாலையாயிற்று. 1990களில் அதனைப் பழைய கோலத்தில் அமைக்க முற்பட்டோர்க்கு வழிகாட்டியது அப்பட்டியலே. அவரை வெறுங்கையராக்கிய ஏடே அவர் வீட்டை மீள நிறைத்ததென எண்ணுகையில் என் நெஞ்சு கனக்கின்றது.