சட்டம் மாற்றிய கொங்கு மைந்தர்



மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் பலரும் ரோபோ, செயற்கைக்கோள் என்று கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு சட்ட மேதையைத் தேர்ந்தெடுத்தேன். பாலிடெக்னிக்காரனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்குதுங்க! கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பம்ப்செட் மோட்டார் நின்றுபோனால் உடனே காயலான் கடைக்குப் போடுவதில்லை. பிரித்துப் பார்த்து, எரிந்த காயிலை மட்டும் எடுத்துவிட்டு ரீவைண்டிங் செய்கிறோம். அதற்கும் தேறாது என்றால்தான் புது மோட்டார். ஒரு மாகாண அரசு பழைய சட்டத்தை மாற்றுவதும் ஏறக்குறைய அப்படித்தான். அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர், செய்தவர் டாக்டர் ப. சுப்பராயன்.

1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பிறந்தவர். திருச்செங்கோடு பக்கத்திலுள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். சென்னையில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு சென்று சட்டம் கற்றவர். பெயருக்கு முன்னால் இருக்கும் டாக்டர் பட்டம் மருத்துவத்துக்கு உரியதல்ல, சட்டத்துக்கு உரியது. மங்களூரைச் சேர்ந்த ராதாபாயை மணந்தார். அது சாதி கடந்த திருமணம். ராதாபாயின் தந்தை குத்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காக உழைத்தவர். ஜமீன் வீட்டுப் பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1926-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. அதிக இடங்களைப் பிடித்த சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்தது. கவர்னர் கோஷன், எந்தக் கட்சியையும் சேராத சுப்பராயனை முதல் மந்திரி ஆக்கினார். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் மந்திரிகளிடம். போலீஸ், நிலவரி போன்றவை கவர்னர் கையில். பாதிச் சாவிதான் இவரிடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பாதிச் சாவியை வைத்துக்கொண்டே சில கதவுகள் திறந்தன. நீதிக்கட்சி ஆட்சி 1921-லேயே போட்ட வகுப்புவாரி ஆணை, பல ஆண்டுகளாகக் காகிதத்தில் தூங்கியது. சுப்பராயன் மந்திரிசபையில் இருந்த எஸ். முத்தையா முதலியார்தான் அதற்கு உயிர் கொடுத்தார். 12 வேலைகள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பங்கு பிரிந்தது.

1929-இல் இன்னொன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த திருத்தம் சட்டமானது. கோயில் பணி செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு தேவதாசிப் பெண்களைப் பிடித்து வைத்திருந்தது. 1926-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தில் செய்த அந்தத் திருத்தம், நிலம் வேறு பணி வேறு என்று பிரித்துவிட்டது. பணியை விட்டாலும் நிலம் அவர்களுக்கே! பழைய சட்டத்தின் உடம்பு அப்படியே இருக்க, காயில் மட்டும் மாறிய கதை இது.

பிறகு வந்தது தோல்வி. 1932-இல், பதவியில் இல்லாத சுப்பராயன், தாழ்த்தப்பட்டோரின் ஆலயப் பிரவேசத்துக்காக மாகாண சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அடுத்து மசோதா தயாரித்தார். ஆனால் இப்படிப்பட்ட மசோதாவுக்கு வைஸ்ராயின் முன் அனுமதி தேவை. 1933 ஜனவரியில் அனுமதி மறுக்கப்பட்டது. சட்டசபையின் மனம் மாறினால் மட்டும் போதாது, சட்டம் செய்யும் அதிகாரமே மாற வேண்டும் என்பது இதில் தெரிந்தது.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பெருமளவு கொடுத்தது. 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் சுப்பராயன் சட்டம், கல்வி இரண்டுக்கும் மந்திரி. 1938-இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா நிறைவேறி, பொதுச் சாலையிலும் கிணற்றிலும் தீண்டாமை பார்ப்பது சட்டப்படி குற்றமானது. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் நுழைவு நடந்தது. அதைத் தொடர்ந்து ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது.

அந்த ஆட்சியில் எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். பள்ளிகளில் ஹிந்தி கட்டாயமானதும் இவர் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில்தான். போராட்டம் வெடித்தது. நடராசன், தாளமுத்து இருவரும் சிறைவாசத்தில் உயிர் நீத்தார்கள். 1940-இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 1955-இல் அமைந்த ஆட்சிமொழிக் கமிஷனில் உறுப்பினரான இதே சுப்பராயன், ஹிந்தியை அவசரமாகக் கொண்டுவருவதை ஏற்காமல் மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தார். சட்டத்தைத் திருத்தியவர் தன் நிலையையும் திருத்திக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது.

நண்பர்களே, இங்கே ஒரு நுணுக்கம் கவனியுங்கள். 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பக்தர்களின் கருத்து சாதகமாக இருந்தால் தர்மகர்த்தாக்கள் கோயிலைத் திறந்துவிடலாம். திறக்கலாம் என்றால் திறக்காமலும் இருக்கலாம் அல்லவா? 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்த புதுச் சட்டம் அந்த 'லாம்' என்பதை எடுத்துவிட்டது. நுழைவது உரிமையாயிற்று. அந்த மந்திரிசபையிலும் சுப்பராயன் இருந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடை செய்த சட்டமும் அதே ஆண்டில் வந்ததுதான். ஒரே விஷயத்துக்கு 1932-இல் மசோதா, 1939-இல் அனுமதி, 1947-இல் உரிமை. 15 வருஷம் ஆயிற்று!

பின்னாளில் அவர் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியாவுக்கான தூதர், மத்திய மந்திரி என்று பல பொறுப்புகள் வகித்தார். மகாராஷ்டிர கவர்னராக இருக்கும்போதே 1962 அக்டோபர் 6-இல் காலமானார். மகன்களில் ஒருவர் ராணுவத் தளபதி, ஒருவர் மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம். மகள் பார்வதி கிருஷ்ணன் கோவையின் எம்.பி.யாக இருந்தவர்.

எங்க ஊர் பொன்மலை வேலாயுதசாமி கோயில் படியில் இன்று யார் ஏறினாலும், என்ன சாதி என்று கேட்டு நிறுத்த சட்டத்தில் இடமில்லை. ஆனால் டீக்கடையில் இரட்டைக் குவளை வைப்பதும் சட்டப்படி குற்றம்தான். சட்டம் வந்து பல காலம் ஆன பிறகும் கொங்கு மண்ணில் அது இருந்ததே! காயில் கட்டியாச்சு, சுவிட்சைப் போட வேண்டியது யார்? நாம்தான் தோழர்களே! நாளை நம்மில் ஒருவர் பஞ்சாயத்தில் உட்காரலாம், ஒருவர் அரசு வேலையில் சேரலாம். எந்த விதியைப் படித்தாலும், அதில் 'லாம்' என்று இருக்கிறதா, 'வேண்டும்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுப்பராயன் வாழ்க்கையில் நான் படித்த பாடம் இதுதான்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!